பாண் ஓட்டோவின் ஒன்பது விநாடி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லிங்கநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் மடிக்கணினியில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்மையில் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். பார்த்தது நான். அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தார். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து, ஐந்து மாதமாக, அவர் எதைப் பார்க்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு ‘ம்’ மட்டும். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான்.

எனக்கு வெளிநாட்டுப் படப் பைத்தியம் உண்டு. கீழே எழுத்து ஓடும் படங்களைத் தேடி எடுத்து வந்து வீட்டாரின் தலையில் கட்டுவேன். “உதில ஒருத்தரும் சிரிக்கமாட்டினமோ?” என்று அம்மா வழக்கம்போலக் கேட்டார். அன்றைய படத்தில் உண்மையிலேயே ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு குசினி. கணவனும் மனைவியும் கோப்பை கழுவியபடி, பிரிந்து போவதைப் பற்றி மிக மரியாதையாகச் சண்டை பிடிக்கிறார்கள். மேல்மாடியில் யாரோ ஒரு பிள்ளை பியானோ பழகுகிறது. ஒரே துண்டுதான் திரும்பத் திரும்ப. துள்ளிக்கொண்டு ஓடி வரும், ஓரிடத்தில் தடக்கி விழும், எழும்பி மறுபடி முதலிலிருந்து ஓடி வரும்.

அப்பாவின் இடது கை அசைந்தது.

கதிரையின் சட்டத்திலிருந்து எழும்பி, காற்றில் எதையோ மூன்று விரல்களால் பிடிப்பதுபோல ஒரு கணம் நின்று, விழுந்தது. அம்மாவும் கண்டார். முருங்கையிலை அப்படியே மடியில் கிடந்தது.

“உது எங்கட பாட்டெல்லே?” என்றார்.

“எங்கட எண்டால்?”

“ஓட்டோப் பாட்டு. அப்பா பாண் விக்கேக்க போட்டுக்கொண்டு திரிஞ்சது.”

“அது என்ன பாட்டம்மா? பேரென்ன?”

“பாண் பாட்டுக்குப் பேரும் ஒரு கேடோ?”

எனக்கு யோசனை பிறந்தது அந்த நிமிடத்தில்தான். ஆசுபத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற மிஸ் ஒருவர் சொல்லியிருந்தார்: கதைக்க ஏலாதவர்கள் சிலர் பாட்டோடு சேர்ந்து வாயைத் திறப்பார்களாம், பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு சொல் வருமாம். “அவருக்கு உள்ளுக்க ஆழமா இருக்கிற பாட்டு எதெண்டு பாருங்கோ.” நாங்களும் தேவாரம் போட்டோம், அப்பா விரும்பிக் கேட்ட பழைய சினிமாப் பாட்டெல்லாம் போட்டோம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது முதல் தடவையாக ஒரு கை அசைந்திருக்கிறது, அதுவும் நான் யோசித்தே பார்த்திராத ஒரு பாட்டுக்கு.

அந்தக் காட்சியை நான்கு தரம் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தரமும் கை எழும்பியது. பிள்ளை தடக்கும் இடத்தில் அதுவும் விழுந்தது. தடக்காமல் யாராவது முழுதாக வாசித்தது எனக்கு வேண்டும். அதற்குப் பெயர் வேண்டும்.

இனி என் மடத்தனத்தின் கதை. பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியிடம் போனைக் காட்டினேன். சண்டைக்குள்ளும் தடக்கலுக்குள்ளும் அதற்கு ஒன்றும் பிடிபடவில்லை. முணுமுணுத்தாலே கண்டுபிடிக்கும் என்ற இன்னொன்றிடம் முணுமுணுத்தேன். முதல் நாள் ஒரு தாலாட்டு என்றது, அடுத்த நாள் ஒரு சவர்க்கார விளம்பரம் என்றது. என் தொண்டையின் லட்சணம் அப்படி. படத்தின் முடிவில் ஓடும் பெயர்களை ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசித்தேன். சமையல்காரரின் பெயர்கூட இருந்தது, இது இல்லை. ஆசுபத்திரிக்குப் போகிற பஸ்ஸிலும் காதில் அந்தத் துண்டுதான். மூன்று கிழமை இப்படிப் போனது. அப்பா மூன்று கிழமை மெலிந்தார்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இந்த நாட்டில் பாண் ஓட்டோ எங்கே ஓடினாலும் ஒரே பாட்டுத்தான். பின்பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாண், றோஸ் பாண், சீனி தூவிய கிம்புலா பணிஸ், கூரையில் ஒலிபெருக்கி, அதிலிருந்து அழுதுவடிகிற அந்தப் பியானோ. வெளிநாட்டுக்காரன் அதைக் கேட்டால் பெரிய வித்துவானை நினைப்பான். எங்களுக்கு வாய் ஊறும்.

ஆனால் அப்பாவின் ஓட்டோவில் அது இல்லை. வேறொரு துண்டு, துள்ளித் துள்ளி ஓடுவது. ஒன்பது விநாடி ஓடி முடிந்து, மூச்சு விடாமல் மறுபடி தொடங்கும். காலையில் அவர் துறைமுகப் பக்கம் இறங்கும்போது அக்கரைக் கோதுமை மா ஆலையிலிருந்து காற்று வீசினால், பச்சை மாவின் வாசமும் பெட்டிக்குள்ளிருந்து சுட்ட பாணின் வாசமும் ஒரே தெருவில் சந்திக்கும். எங்கள் ஊரில் மான்கள் மாடுகள்போலத் தெருவில் திரியும்; பஸ் நிலையத்தடியில் நிற்பவற்றுக்கு அந்தப் பாட்டு நன்றாகத் தெரியும். குப்பையில் கடதாசி தின்றுகொண்டு நிற்கிறவை, பாட்டுக் கேட்டதும் தலையைத் தூக்கி, உடைந்த பணிசுக்காக ஓட்டோவுக்குப் பின்னால் ஓடிவரும். அப்பா கண்ணாடியில் பார்த்து, “வாங்கோ வாங்கோ, வரிசையில வாங்கோ” என்பார். மான்கள் அவர் சொல் கேட்டதாக நினைவில்லை.

மற்றப் பாண் ஓட்டோ வந்தால் அது பாண்காரன். இது வந்தால் அது என் அப்பா. என் வகுப்பு முழுவதற்கும் தெரியும். அந்த வித்தியாசமே வகுப்பில் எனக்கு வினையானது. பாட்டு தூரத்தில் கேட்கத் தொடங்கியதும் பின்வரிசை வாங்கில் ஒருத்தி மேசையில் தாளம் போடுவாள். “அடியே, உன்ர அப்பர் பாட்டோட வாறார், எழும்பி ஆடன்!” பிறகு எல்லாரும் தட்டுவார்கள். ஒருநாள் நான் எழும்பி ஆங்கிலப் பாடம் வாசிக்கும்போதே தட்டினார்கள். ஆசிரியையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா, எங்கட பள்ளிக்கூடத்தடியில பாட்டை நிப்பாட்டுங்கோ.”

“ஏன் பிள்ளை? சத்தம் கேட்டால்தானே சனம் வரும்.”

“எனக்கு வெக்கமாயிருக்கு.”

பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சீலையை மடித்து வைத்தார். “ஓம்” என்றார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

அடுத்த நாள் மேல்மாடி வகுப்பு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டோ வேப்பமர வளைவுக்கு வந்தது, பாட்டோடு. அப்பாவின் இடது கை கைப்பிடியை விட்டு, பக்கத்துப் பெட்டியின் வொலியூம் குமிழைப் பிடித்தது. பாட்டு தேய்ந்து இல்லாமல் போனது. பள்ளிக்கூட மதில் நீளத்துக்கும் ஓட்டோ ஒரு திருடனைப்போல ஊர்ந்தது. இடைவேளைக்குப் பணிஸ் வாங்க வருகிற சின்னப் பிள்ளைகள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மதில் முடிந்த பிறகுதான் பாட்டு மறுபடி எழும்பியது.

நான் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு பள்ளி நாளும் அப்படித்தான். என் வெட்கம் அந்த வருடமே போய்விட்டது. தாளம் போட்டவள் பிறகு என் நெருங்கிய சிநேகிதியும் ஆகிவிட்டாள். ஆனால் “இனிப் போடுங்கோ” என்று சொல்ல எனக்கு ஞாபகம் வரவில்லை. இப்படி எழுதினால் மறதி என்று நினைப்பீர்கள். மறதி இல்லை. சொல்வதற்கு அந்த முதல் நாளைப் பற்றித் திரும்பக் கதைக்கவேண்டி வரும். அதற்குத்தான் பின்வாங்கினேன்.

சரி, பெயருக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஜெறோம் தன் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்குக் கீபோர்ட் வாசிப்பவன். ஒரு சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் அவனைப் பிடித்து, முணுமுணுத்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான். பிறகு சிரித்தான்.

“உனக்கு விசரே? இதுக்கோ மூண்டு கிழமை அலைஞ்சனி?”

“நீ கோயில் பாட்டு மட்டும்தான் வாசிப்பாய் எண்டு நினைச்சன்.”

“பொறு, வாசிக்கிறன். முடிஞ்ச பிறகும் நிப்பாட்டமாட்டன், கேள்.”

வாசித்தான். அப்பாவின் ஒன்பது விநாடி அப்படியே வந்தது. வழக்கமாக மறுபடி தொடங்குகிற இடத்தில் தொடங்காமல் மேலே போனது. ஓடியது, களைத்தது. இரண்டு சுரங்கள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு தயங்கின. அந்தத் தயக்கம் அப்படியே சரிந்து விழுந்தது, நாட்டில் உள்ள எல்லாப் பாண் ஓட்டோவும் போடுகிற அந்த அழுகைப் பாட்டுக்குள்.

மண்டபம் கூட்டிக்கொண்டிருந்த அக்கா வாசலால் எட்டிப் பார்த்தார். “தம்பி, பாண் வந்திட்டுதோ?”

ஜெறோம் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் தொடங்கினேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஒரே பாட்டு. மற்றவர்கள் போட்டது அதன் முகப்பு, அப்பா போட்டது அதன் நடுப்பகுதி. எந்த வித்தியாசத்துக்காக வெட்கப்பட்டேனோ அந்த வித்தியாசமே இருக்கவில்லை. பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இப்போதே போனை எடுத்துத் தேடிக் கேட்கத் தொடங்கிவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும்.

அன்று பின்னேரமே நல்ல ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து, அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். அம்மா கைகளைக் கும்பிடுவதுபோல நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். முகப்புப் போனது, அப்பா அசையவில்லை. நடுப்பகுதி வந்தது. இடது கை எழும்பியது. மூன்று விரல்கள் எதையோ பிடித்தன. இந்த முறை விழவில்லை, வேலையை முடித்தது. மெதுவாக, முழுச் சுற்று, இடப்பக்கம் திருப்பியது.

குமிழ். சத்தத்தைக் குறைக்கிறார்.

திரும்பத் திரும்பப் போடத் தைரியம் வரவில்லை. இன்னும் ஒரு முறை மட்டும் போட்டேன். அதேதான். வாய் திறக்கவில்லை. கை மட்டும் என் சொல்லைக் கேட்டது. பேச்சும் வலது பக்கமும் போன பிறகும், நான் பதின்மூன்று வயதில் சொன்னது அந்தக் கைக்குள் அழியாமல் இருக்கிறது. நான் குசினிக்குப் போய் நின்றேன். “என்னடி, ஏன் நிப்பாட்டினனி?” என்று அம்மா கேட்டார். அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கிண்ணியாப் பாலம் தாண்டி நஸீர் நானாவிடம் போனேன். போன் திருத்துகிற கடை. அப்பாவின் ஓட்டோவில் ஒலிபெருக்கியைப் பூட்டிக் கொடுத்தவர் அவர்தான். அப்பாவுக்கு நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்த திருப்புளியை வைத்துவிட்டு எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அப்பாவின் பாட்டுத் துண்டு எப்படி வந்ததென்று கேட்டேன்.

“புள்ள, எல்லாப் பாண்காரனும் வந்து முன்துண்டத்தான் கேப்பான். என்னட்ட ஒரு சீனக் கீபோர்ட் இருந்திச்சு, அதுக்குள்ளயே இந்தப் பாட்டு முழுசா இருந்த. உங்கட வாப்பா மட்டும் முழுசையும் இருந்து கேட்டாரு. ‘முன்னுக்கு உள்ளது அழுகுது நஸீர்’ எண்டாரு. ‘பாண் விக்கிறவன் அழுதுகொண்டோ தெருவில போறது? இஞ்ச ஒரு இடம் சிரிக்குது, இதை வெட்டித் தாரும்’ எண்டாரு.”

“அவருக்கு ரெண்டும் ஒரே பாட்டெண்டு தெரியுமோ நானா?”

“தெரியாமலா? அவருதானே வெட்டுற இடத்தக் காட்டின.”

பாலத்தால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வகுப்பே தட்டிச் சிரித்தது ஒரு மனிதன் தேடித் தெரிந்தெடுத்த சிரிப்பை. அதன் வாயை அடைத்தது நான்.

அந்த ஓட்டோ இப்போது இல்லை. பெற்றோல் வரிசைக் காலத்தில் அப்பா அதைத் தம்பலகாமத்து விவசாயி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் பெட்டியைக் கழற்றிவிட்டு விதைநெல் ஏற்றுகிறாராம். ஒலிபெருக்கி எங்கே போனதென்று அவருக்கும் தெரியாது. நஸீர் நானாவின் கீபோர்ட் மழைத்தண்ணீரில் செத்துவிட்டது. பாண் சுட்ட வெதுப்பகம் பூட்டிக் கிடக்கிறது. எங்கள் தெருவுக்கு இப்போது பாண் ஓட்டோ வருவதில்லை, கடைக்குத்தான் போகவேண்டும். பஸ் நிலையத்தடியில் மான்கள் நிற்கின்றன. அந்தப் பாட்டுக்குத் தலை தூக்கிய மான் ஒன்றாவது அவற்றுக்குள் மிச்சம் இருக்குமோ தெரியாது. கல்யாண வீடியோ, பிறந்தநாள் வீடியோ, சிநேகிதிகளின் பழைய போன்கள், எல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன். உலகத்தில் உள்ள பெரிய பெரிய கைகளெல்லாம் அந்தப் பாட்டை வாசித்துப் பதிந்திருக்கின்றன. அப்பாவின் ஓட்டோவுடைய தகரக்குரல் ஒன்பது விநாடி மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை.

ஆகவே அதை நாங்களே செய்யப் போகிறோம். ஜெறோம் கீபோர்ட்டில் ஆக மலிவான குரலைத் தேடிப் பிடித்து, சரியான வேகத்தில், சரியான இடத்தில் வெட்டி வாசித்துத் தந்திருக்கிறான். “என்ர வாழ்க்கையில இவ்வளவு கேவலமா வாசிச்சது இதுதான்” என்கிறான். நஸீர் நானா ஒரு பழைய ஒலிபெருக்கியும், குமிழ் வைத்த பெட்டியும் தந்தார். ஜெறோமின் மாமாவுடைய ஓட்டோ வருகிற புதன்கிழமை எங்களுக்கு. ஜெறோம் ஓட்டுவான், பின்னால் அப்பாவும் நானும். பள்ளிக்கூட அதிபரிடம் ஐந்து நிமிடத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறேன். ஒரு கூடை கிம்புலா பணிசும் சொல்லியாயிற்று.

இடைவேளை மணி அடிக்கும்போது வேப்பமர வளைவுக்கு வருவோம். பெட்டி அப்பாவின் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். சொல் வருமோ வராதோ எனக்குத் தெரியாது. பேச்சுப் பயிற்சி மிஸ்ஸும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெரியும். மதில் தொடங்கியதும் அவர் கை குமிழுக்குப் போகும். போகட்டும். அதன்மேல் என் கையை வைத்து, மறுபக்கம் திருப்புவேன்.