ஃபேன் சத்தத்தில் ஒரு ஸ்பெல்லிங் டெஸ்ட்

சீலிங் ஃபேன்கள் கடகடவென்று சுற்றும் சத்தம், சிந்திய மைலோ பானத்தின் வாசம், நாற்காலிகளை இழுக்கும் கிறீச்...

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்தது, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஸ்டூடண்ட் கேர். டிகிரி முடித்ததும் என் முதல் வேலை. எங்கள் வீட்டில் யுனிவர்சிட்டிக்குப் போன முதல் ஆள் நான்தான். இருந்தும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அப்படிக் கண்ணில் பட்டவள் பிரைமரி டூ, அதாவது இரண்டாம் வகுப்பு, தர்ஷினி. கணக்கில் படு சுட்டி. கதைப் புத்தகத்தை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடுவாள். ஆனால் நான் சொல்லச் சொல்ல எழுதும் ஸ்பெல்லிங் மட்டும், தமிழோ இங்கிலீஷோ, பாதி காலியாக இருக்கும். எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்பாள்.

காது டெஸ்ட் நார்மல். அதனால் கவனம் இல்லை என்று பள்ளியில் சொன்னார்கள். இரண்டு மொழி குழப்புகிறது என்று யாரோ சொல்ல, வீட்டில் இனி தமிழே வேண்டாம் என்று அவள் அம்மா முடிவெடுத்திருந்தார். அவள் அப்பாவுக்கோ இங்கிலீஷ் அவ்வளவாக வராது...

ஒரு மதியம் கரண்ட் டிரிப் ஆகி ஃபேன்கள் நின்றன. வெக்கை தாங்காமல் பிள்ளைகள் வெளியே ஓட, தர்ஷினி மட்டும் என்னோடு இருந்தாள். சும்மா ஸ்பெல்லிங் சொன்னேன். இரண்டு மொழியிலும் ஒன்றுவிடாமல் எழுதினாள்.

கரண்ட் வந்து ஃபேன் சுற்றியது, பிள்ளைகள் திரும்பினார்கள். வேறு சொற்கள் சொன்னேன். அவள் கண் என் வாயிலேயே நின்றது. மறுபடி பாதி காலி.

சாயங்காலம் அவள் அம்மா வந்தபோது நானே போய்ப் பேசினேன்.

“அக்கா, தமிழ நிறுத்திடாதீங்க. இவளுக்குச் சத்தம்தான் பிரச்சினை.”

“காது டெஸ்ட்தான் பண்ணியாச்சே, டீச்சர்.”

“அது அமைதியான ரூம்ல பண்ற டெஸ்ட், அக்கா.”

தர்ஷினியின் பையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். ஆனால் சில வாரம் கழித்து ஸ்பெஷலிஸ்டிடம் கூட்டிப்போனார். காதில் குறையில்லை, சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்க மூளை சிரமப்படுகிறது, அதற்கு ஆடிட்டரி பிராசஸிங் பிரச்சினை என்று பெயர் என்றார்களாம். முன் இருக்கை, ஒவ்வொன்றாகச் சொல்வது என்று பள்ளியில் மாற்றினார்கள். வீட்டில் தமிழும் தொடர்ந்தது.

இப்போது அந்த ஸ்டூடண்ட் கேர் இல்லை. நானும் வேறு வேலையில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு முன், லிட்டில் இந்தியா நெரிசலில் தர்ஷினியைப் பார்த்தேன். என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். நான் பேச ஆரம்பித்ததுமே என் கையைப் பிடித்து ஒரு சந்துக்குள் இழுத்தாள்.

“இப்ப சொல்லுங்க டீச்சர். அங்க சத்தம் லா, எனக்குப் புரியாது.”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்!

பின்னாலேயே பைகளோடு வந்த அவள் அப்பா அவளிடம், “அம்மா எங்க?” என்று கேட்டார்.

“அம்மா உங்களுக்கு ரெண்டு தடவ போன் பண்ணாங்களாம்ப்பா, எனக்கு மெசேஜ் வந்துச்சு. உங்களுக்குத்தான் காது கேக்கல.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இருவரும் கூட்டத்துக்குள் போனார்கள். அவர் முகத்தைப் பார்த்தபடியே, ஏதோ வம்பு பேசிக்கொண்டு போனாள் தர்ஷினி.