ஓடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்

சூசை அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் டிக்கோயா ஆஸ்பத்திரியில், இரத்தம் சுத்தம் செய்யும் பகுதிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி கனகா படுத்திருந்தாள். பொகவந்தலாவையிலிருந்து அண்ணனின் மகள் ஸ்டெல்லா பேசினாள். "மாமா, அப்பா காலையில டீ குடிச்சிட்டு தையல் மெஷின்ல உக்காந்தாங்க. அப்பிடியே சாஞ்சிட்டாங்க மாமா" என்றாள். உள்ளே போய்க் கனகாவிடம் உடனே சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அவளுக்குப் பிரஷர் ஏறினால் ஆபத்து. அவள் எழுந்து வெளியே வரும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்றைக்கும் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்து வருகிறாள் என்றால் அதற்கு அந்த மனுசன்தான் காரணம். பஜாரில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்காக எழுதுகிறேன்.

சூசைநாதன் என்று எழுதினால் யாருக்கும் ஆள் தெரியாது. டெய்லர் சூசை. பஸ் திரும்புகிற இடத்தில் கடை. தீபாவளிக்கு ஒரு கிழமை, ஏழே நாள், இருக்கும்போது துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உலகத்தில் உள்ள எல்லா டெய்லரும் "நாளைக்கு வாங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இவர் மட்டும், "முடியாதுங்க. வேற ஆளப் பாருங்க" என்பார். முகத்துக்கு நேரே. நான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த காலத்தில், என் மகன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை நான் போட்டுப் பார்த்து "எப்பிடிண்ணே?" என்று கேட்டேன். "துணி நல்லாருக்கு. தையலும் நல்லாருக்கு. உங்க வயிறுதான் சரியில்ல கிளாக்கரு" என்றார். பொய் சொல்ல அந்த மனுசனுக்கு வாய் வராது. அது என் குடும்பத்துக்கு ஒரு தடவை வினையாக வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பில், வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. வாலிபத்தில் எந்தப் பங்களாவிலிருந்தோ வாங்கியிருக்கிறார். சிவனொளிபாத மலை யாத்திரை சீசனில், அடிவாரத்து நல்லதண்ணிக் கடைகளுக்குக் கம்பளித் தொப்பி கொண்டுபோனபோது, ஒயில் பார்க்காமல் ஏற்றத்தில் முறுக்கியிருக்கிறார். எஞ்சின் சூடேறி இறுகி, சக்கரம் நின்று, ஆள் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்திருக்கிறார். தொப்பிகளெல்லாம் சரிவில் உருண்டனவாம். அதற்குப் பிறகு அதை அவர் தொடவில்லை. மழையும் மூடுபனியும் குடித்துக் குடித்து எஞ்சின் உள்ளே துருவேறிக் கல்லாகிவிட்டது. ஆனால் நம்பர் மட்டும் அவர் பெயரில் உயிரோடு இருந்தது.

பெற்றோல் இல்லாமல் நாடே கியூவில் நின்ற காலம் ஒருவருக்கும் மறந்திருக்காது. கிழமைக்கு இன்ன வண்டிக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். கனகாவைக் கிழமைக்கு இரண்டு தடவை டிக்கோயாவுக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. என் ஆட்டோவுக்குக் கிடைத்தது ஒரு பயணத்துக்குத்தான் காணும். இன்னொன்றைத் தவறவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும், கால் வீங்கும், அதற்கு மேல் என்ன நடக்கும் என்று டொக்டர் சொல்லாமலே எனக்கு விளங்கியது. கடையில் உட்கார்ந்து ஒரு நாள் அழுதேவிட்டேன். அண்ணன் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "ஏன் கிளாக்கரு, என் வண்டிக்கும் நம்பர் இருக்கில்ல?" என்றார்.

அன்றிலிருந்து அந்த இரும்புப் பிணத்தை நியூட்ரலில் போட்டு நாங்கள் இரண்டு பேரும் கியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். டாங்கியை நிரப்பி, கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, குழாய் வைத்து என் ஆட்டோவுக்கு இறக்கினோம். கியூவே சிரித்தது. கொஞ்சக் காலம் அப்படி ஓடியது.

ஒரு நாள் பெற்றோல் செட்டில் புதிதாக ஒரு அதிகாரி வந்து நின்றார். எங்கள் முறை வந்தது. "ஸ்டார்ட் கரன்ன" என்றார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால்தான் பெற்றோல். நான் முந்திக்கொண்டு, ப்ளக் நனைந்துவிட்டது ஐயா, பனி ஐயா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அளந்தேன். அந்த ஆளும் பாதி நம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற நம் ஆள், "இல்ல மாத்தியா, இது ஓடாது" என்று போட்டுடைத்தார். அத்தோடு விட்டாரா? "சரி பண்ணி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டிட்டு வாங்குறேன்" என்று கியூ முழுக்கக் கேட்கச் சொன்னார். வெறும் டாங்கியோடு திரும்பினோம்.

வழி முழுக்க ஏசினேன். "உங்க உண்மைய வச்சி நாக்க வழிக்கவா? வீட்டுல ஒருத்தி சாகக் கெடக்கா!" என்று கத்தினேன். அவர் ஹாண்டிலைப் பிடித்தபடி தலை குனிந்து தள்ளிக்கொண்டே வந்தார். கடை வாசலில் ஸ்டாண்ட் போட்டுவிட்டு, "ஏசி முடிஞ்சிச்சா? அப்ப அந்த ஸ்பேனர எடுங்க" என்றார். அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அதைவிடக் குறைவு. கராஜ்காரரோ வேலை இல்லாமல் மரக்கறித் தோட்டம் போடப் போய்விட்டார். பிஸ்டனை இளக்க மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்றால் அதற்கும் ஒரு கியூ. அண்ணன் ப்ளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகத் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றினார். ஊறட்டும் என்றார். நான் சுத்தியலைத் தூக்கினேன். கையைப் பிடித்துக்கொண்டார். "துணி கிழிஞ்சா நான் தச்சிருவேன். இது கிழிஞ்சா யாரு தைக்கிறது?" என்றார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. வண்டியைக் கடை வாசலில் கியரில் போட்டு நிறுத்தினார். கியரில் இருந்தால் சக்கரத்தை அசைப்பதும் பிஸ்டனை அசைப்பதும் ஒன்றுதானே. பஜாருக்கு வருகிறவர், போகிறவர் எல்லோரையும் கூப்பிட்டு, "ஒரு தள்ளு தள்ளிட்டுப் போங்க. மெதுவா. முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு" என்றார். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துத் தள்ளினார்கள். கோயில் பூசாரி தள்ளினார். ஃபாதர் தள்ளினார். "யாருக்குண்ணே இது?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "கிளாக்கரு சம்சாரத்துக்கு" என்று சொன்னார். அதைக் கேட்டவர்கள் இன்னும் ஒரு தள்ளு சேர்த்துத் தள்ளினார்கள். அந்த முதல் கிழமைக்கு ரொட்டிக் கடைக்காரர் ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெற்றோல் போத்தலைக் கொடுத்தார். அடுத்த கிழமைக்கு ஃபாதர் தன் பைக்கில் இருந்ததை இறக்கிக் கொடுத்தார்.

கனகாவும் ஒரு நாள் கடைக்கு வந்தாள். "அண்ணே, எல்லாரும் எனக்காகத் தள்ளுறாங்க. நானும் ஒரு கை வைக்கிறேன்" என்றாள். அண்ணன் பதறிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "நீங்க உக்காருங்க தங்கச்சி. உங்க பங்கு எங்கயும் போகாது, இருக்கு" என்றார்.

வண்டி அசைந்தது சோமா அக்காவின் கையில். மரக்கறி விற்கும் சோமா அக்கா, பாதையை மறித்துக்கொண்டு நின்ற வண்டியைச் சிங்களத்தில் நாலு ஏச்சு ஏசிவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஒரு இடி இடித்தார். உள்ளே 'டக்' என்றது. சக்கரம் ஒரு சாண் உருண்டது. அண்ணன் மெஷினை விட்டு எழுந்து ஓடிவந்து சோமா அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனார். ஆனால் முந்தின நாள் மாலையே தன் தள்ளில் இளகிவிட்டது என்று ரொட்டிக் கடைக்காரர் சாதித்தார். இல்லை, தன்னுடையது என்றார் பூசாரி. இன்றுவரை அந்த வழக்குத் தீரவில்லை.

கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் அண்ணன் ஒரு வெள்ளைத் துணியில், பொத்தான் வைப்பதுபோல நூலால் தைத்து வரிசையாக வைத்தார். மாறிவிடக் கூடாதாம். பிஸ்டனைச் சுற்றியிருந்த ரிங்குகள் துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தன. சிலிண்டரின் உள்ளே கோடு கோடாகக் கீறல். அதைக் கடையத்தான் வேண்டும், கடைய ஹட்டனுக்குத்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரி நாளில் ஆட்டோவின் பின் சீட்டில் கனகா. அவள் பக்கத்தில் சேலைத் துண்டில் சுற்றிய சிலிண்டர். அவளை டிக்கோயாவில் இறக்கிவிட்டு நாங்கள் ஹட்டன் லேத்துப் பட்டறைக்குப் போனோம். "தங்கச்சிக்கு மெஷின் அங்க, இதுக்கு மெஷின் இங்க. ரெண்டும் தேறி வரணும் மாதாவே" என்று அண்ணன் முணுமுணுத்தார். கரண்ட் போய்ப் போய் வந்தது. லேத்துக்காரர் சலிக்காமல் கடைந்து, எந்த வண்டியுடையதோ தெரியாத ரிங்குகளைத் தேடி எடுத்து அராவி, பொருத்திக் கொடுத்தார்.

எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது ஒரு கூத்து நடந்தது. ஒயில் கசியாமல் சிலிண்டருக்கு அடியில் வைக்கிற கேஸ்கட்டைத் தன் புத்திப்படி, சேர்ட் கொலருக்குள் வைக்கிற கென்வஸில் வெட்டினார். சோக்கட்டியால் வரைந்து, ஒரு நூல் பிசகாமல் வெட்டினார். அப்படி ஒரு அழகு. வண்டியும் ஸ்டார்ட் ஆனது. பஜாரே கைதட்டியது. கைதட்டி முடிவதற்குள் ஒயில் முழுவதும் வடிந்து கடைத் தரையில் குளமாக நின்றது. "கொலருக்கு வேர்வை தாங்கும் கிளாக்கரு, ஒயில் தாங்காது போலருக்கு" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு ஃபெக்டரிக்கு ஓடி, தேயிலை கட்டுகிற பையில் கிழிந்துபோன ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அந்தத் தடித்த தாளில் இன்னொன்று வெட்டினோம். அது தாங்கியது. இன்றைக்கும் அந்த எஞ்சினுக்குள் எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பைதான் இருக்கிறது.

அதற்குள் இரண்டு கிழமை ஓடிவிட்டது. கடன் கேட்க இனி வீடு இல்லை. கனகாவின் முகம் ஊதியிருந்தது. ஆட்டோவில் சொட்டு இல்லை. அன்று காலை வண்டியை இறக்கத்தில் உருட்டிக்கொண்டுபோய் அதே அதிகாரி முன்னால் நிறுத்தினோம். அவர் எங்களை மறக்கவில்லை. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார். ஒன்றுமில்லை. கியூவில் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் டாங்கிக்கு அடியில் மூடிக் கிடந்த குழாய் கண்ணில் பட்டது. "டெப்பத் தெறங்கண்ணே! பெற்றோல் டெப்ப!" என்று கத்தினேன். சொட்டு வீணாகக் கூடாது என்று மூடி வைத்திருந்தார், மகராசன். திறந்தார், உதைத்தார். வண்டி ஒரு இருமு இருமி, கியூ முழுக்கப் புகையைத் தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கியது. "ஹரி, ஹரி", சரி சரி என்று அதிகாரியே சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டார். டாங்கி நிறைந்தது. எனக்குக் கண் நிறைந்தது.

இனி ஜம்மென்று ஏறி உட்காருவார், நானும் பின்னால் தொற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் எஞ்சினை நிறுத்தினார். டெப்பை மூடினார். ஹாண்டிலைப் பிடித்து ஏற்றத்தில் தள்ளத் தொடங்கினார்.

"ஓடுற வண்டிய ஏண்ணே தள்ளுறீங்க?"

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்னு சொன்னேன், காட்டியாச்சி. இனி இதுல உள்ள ஒவ்வொரு சொட்டும் தங்கச்சியோடது."

தட்டுப்பாடு தீரும்வரை ஒவ்வொரு கிழமையும் அப்படியே செய்தார். அதிகாரிக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார். பிறகு கடைவரை தள்ளிக்கொண்டு வருவார். மழையிலும் தள்ளினார். மூச்சு வாங்கினால் தேயிலைக் கரையில் நின்றுவிட்டுத் தள்ளினார். எனக்கு இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "சும்மா இருங்க கிளாக்கரு, எனக்கும் வயிறு கொறையுதில்ல" என்று முடித்துவிட்டார்.

எல்லாம் சரியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் ஏறி, ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கே வந்தார். கனகா வெளியே ஓடிவந்து, "இப்பயாவது நான் ஒரு தள்ளு தள்ளவாண்ணே?" என்றாள். "இப்ப ஓடுது தங்கச்சி. எப்ப நிக்குதோ அப்பக் கூப்புடுறேன்" என்று சிரித்தார்.

அடக்கத்தன்று சேர்ச்சில் பூசை முடிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் இருக்கும் கல்லறைக்குக் கிளம்பியபோது, அண்ணனின் மருமகன் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி முன்னால் ஓட்டிப் போகலாம் என்றான். வேண்டாம் தம்பி, தள்ளலாம் என்றேன். நான் ஹாண்டிலைப் பிடித்தேன். ரொட்டிக் கடைக்காரர் வந்து பின்னால் கை கொடுத்தார். பூசாரி வந்தார். சோமா அக்கா வெள்ளைச் சேலையில் வந்து, அன்றைக்கு ஏசியபடியே ஏசிக்கொண்டு, அழுதுகொண்டு தள்ளினார். பாதி மேட்டில் பின்னால் வந்த ஆட்டோ நின்றது. கனகா இறங்கி, வீங்கிய காலோடு நடந்து வந்தாள். "ஏறு புள்ள, ஒனக்கு முடியாது" என்றேன். "என் பங்கு இன்னும் இருக்கு" என்றாள். சீட்டில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். அதற்குப் பிறகு கையை எடுக்கவில்லை. மேடு ஏறும்வரை எடுக்கவில்லை.

சூசை அண்ணனிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது என்னவென்று கேட்பவர்களுக்கு நான் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை. இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குசினியிலிருந்து கனகா சத்தம் போடுகிறாள்: "இன்னுமா எழுதுறீங்க? நாளைக்கு ஆஸ்பத்திரி. ஆட்டோவுக்குப் பெற்றோல் இருக்கான்னு பாத்தீங்களா?"

பார்த்துவிட்டேன், அண்ணே. இருக்கிறது.