பள்ளிக்கூட நோவு

குண்டூர் நாடு என்ற மலைப்பகுதியில் மிளகு பயிரிடும் மணிமேகலை, எட்டு வயது மகள் கனிஷ்காவின் முட்டிவலிக்குப் ‘பள்ளிக்கூட நோவு’ என்று பெயர் வைத்திருந்தாள். காலையில் நொண்டுகிற பிள்ளை, பஸ் போன பிறகு மதியத்தில் ஓடியாடும். எக்ஸ்ரேயிலும் எலும்பு நன்றாகவே இருந்தது. “நல்லா நடிக்கறாளுங்க எம்மவ” என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஆறு மாதம் கழித்தும் நோவு தீராததால் நாமக்கல்லில் முட்டிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் கருப்பாகத் தெரிந்த இடத்தை டாக்டர் காட்டினார்.

“மூட்டுக்குள்ள நீர் கட்டியிருக்குங்க. இது பிள்ளைங்களுக்கு வர்ற மூட்டு வாதம். இதுல காலைலதான் மூட்டு இறுகும், நடக்க நடக்கத் தளரும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது.”

மகளின் முட்டியில் ஸ்கேனுக்காகத் தடவியிருந்த பசையை மணிமேகலை முந்தானையால் துடைத்தாள்.

மறுநாள் காலை மகளைத் தூக்கிவிடக் கை நீட்டினாள். கனிஷ்கா பதறி எழுந்தாள்.

“நடிக்கலம்மா, நெசமாவே நோவுது.”