வெயில் புகாத வள்ளம்

உச்சி வெயிலில், கவிழ்த்துப் போட்ட கித்தான் படகுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சென்னியப்பன் உள்ளே மல்லாந்து கிடக்கிறார். “மூணாம் விலாவுக்குப் பக்கத்துல ஒண்ணு, கண்ணு” என்று குரல் வருகிறது. அவர் உள்ளிருந்து விரலால் அழுத்த, துணி வெளியே புடைக்கிறது. மகள் முத்தாத்தாள் அந்த இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைக்கிறாள். அவளுக்கு எட்டாம் மாதம். குனிய முடியாமல் முழங்காலிட்டு நிற்கிறாள்.

“வெயிலு பூந்தா தண்ணியும் பூந்துருமுங்க” என்று வெளியே வந்து, வள்ளத்தைப் பார்க்கப் போயிருந்த எனக்கு விளக்கம் சொன்னார். வைகாசி பிறந்ததிலிருந்து, மழை விட்ட பகலெல்லாம் அவருக்கு இதே வேலை.

கொல்லங்கோட்டை அடுத்து, காயத்ரிப் புழை என்னும் ஆற்றுக்கு அக்கரையில் நாலு ஏக்கர் நிலம், ஓட்டு வீடு. ஆடியில் புழை பெருகினால் நாலைந்து நாள் ஊரோடு தொடர்பு அற்றுவிடும். அதற்காகவே அவராகக் கட்டிய வள்ளம் இது. மூங்கில் பிளாச்சுகளை விலாவாக வளைத்து, பட்டாளத்துக் கூடாரக் கித்தானை இழுத்துத் தைத்து, குங்கிலியம் கலந்த தாரைச் சுடச்சுடப் பூசியிருக்கிறார். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் கால் நீட்டிச் சாய்ந்துகொள்ள இடமுண்டு.

பொறுமைசாலி என்று அவரைச் சொல்ல முடியாது. காபி ஆறும்வரைகூடக் காத்திருக்க மாட்டார். ஆனால் தார்ச்சட்டி முன்னால் ஆள் வேறு. பூசும்போது வாயைத் திறப்பதில்லை; பேசினால் பூச்சு தடித்துவிடுமாம். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அந்தக் கையோடே சோற்றில் உட்காருகிறார். அதட்ட வீட்டில் ஆளில்லை.

“வெள்ளரிக்காயில ஏறி எங்கீங்க பயணம்?” என்று பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்பன் கேலி செய்வாராம். போன ஆடியோடு அந்தக் கேலி நின்றுபோனது.

போன ஆடியில், புழை இரு கரையும் தொட்டு ஓடிய நாளில், மனைவி சரஸ்வதியம்மாளுக்கு அடிவயிற்றில் வலி கண்டது. ஆஸ்பத்திரி இக்கரையில், ஊர்ப்பக்கம். படுக்கவைத்துத் துடுப்புப் போட்டார். அந்த வருஷம் தார் பூசுவதற்கு முன் கித்தானுக்குப் புங்கெண்ணெய் தேய்த்திருந்தார். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் சாலின் தோலுக்கு எண்ணெய் போட்டே பழகிய கை. தோல் வெடிக்காமல் இருக்க அதுதான் வழி. ஆனால் எண்ணெய் குடித்த துணியில் தார் ஒட்டவில்லை. நடு ஆற்றில் உரிந்துகொண்டு வந்தது. வள்ளம் பாதி நிறைந்துவிட, வந்த வழியே திருப்பினார். வெள்ளம் வடிந்தது நாலாம் நாள். அந்த அம்மாள் மூன்றாம் நாளே போய்விட்டார்.

“தோலுக்குச் செய்யறதத் துணிக்குச் செஞ்சு போட்டனுங்க.” அவர் சொன்னது இவ்வளவுதான்.

முத்தாத்தாளின் புருஷன் வீடு இக்கரையில், ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு. பிரசவம் அங்கேயே ஆகட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. “அம்மா இல்லீன்னா எனக்கு அப்பன் ஊடு இல்லாமப் போயிருமா?” என்று துணிமூட்டையோடு வந்துவிட்டாள். அவளைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆடியில் வலி கண்டால் இந்த வள்ளம்தான் கதி.

நான் போன மூன்றாம் நாள், உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. வெளியே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்க எடையும் அவ எடையும் ஒண்ணாத்தானுங்க இருக்கும். ஏறி உக்காருங்க.”

என் தொந்தி இப்படியொரு காரியத்துக்கு உதவும் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தும் ஏறினேன். முதல் மழையில் புழை செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டிருந்தது. அவர் கரையைப் பார்க்கவேயில்லை. என் காலடியையே பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டார்.

வள்ளம் இக்கரையைத் தட்டியதும் அவசரமாகச் சேற்றில் குதித்தேன். அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, நான் உட்கார்ந்திருந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

“ஒரு சொட்டு இல்லை” என்றேன்.

அவர் காதில் விழுந்ததா தெரியாது. இடது கையால் வள்ளத்தைக் கரையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, காலியாகக் கிடந்த இருக்கையை நோக்கி வலது கையை நீட்டினார்.

“பாத்து எறங்கு, சரசு.”