வெயிலுக்கு ட்யூட்டி போடுகிறவர்

சூரியனையே வேலை வாங்கும் ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில், எங்கள் வீட்டுப் பச்சை வலை கட்டிய மொட்டை மாடியில், காலை ஏழு மணிக்கு ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். டோரீன் ஆன்ட்டி, எங்கள் கீழ்வீட்டில் குடியிருப்பவர், வயது ஐம்பத்தெட்டு. “தூசி இருந்தா வெயில் உள்ள போவாது மேன்.” ஆண், பெண், பூனை, எல்லோரும் அவருக்கு ‘மேன்’தான். நான் பெண்.

வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு நாற்பது செடித் தொட்டிகளை வாடகைக்கு விடுகிறார். பதினைந்து நாள் ஏசி அறையில் ட்யூட்டி, பதினைந்து நாள் எங்கள் மாடியில் லீவு. பள்ளியில் ஒளிச்சேர்க்கைப் பாடம் நடந்தபோது நான் தூங்கிவிட்டேன். ஆன்ட்டி சொல்லித்தான் மண்டையில் ஏறியது: “இலைதான் மேன் கிச்சன். வெயில்தான் அடுப்பு. காத்தையும் தண்ணியையும் போட்டு சமைச்சு, மிச்சத்த மாவா கட்டி வெச்சுக்கும். ஆபீஸ்ல அடுப்பு சரியா எரியாது. கொண்டுபோன மாவுலதான் ஓட்டணும். வாடுதேன்னு சும்னே தண்ணி ஊத்தினா? வேர்தான் அழுகும்.”

எந்த அறைக்குப் போகிறதோ, அந்த ஆளின் பெயர்தான் செடிக்கு. இந்த முறை ஜன்னலில்லாத அறையிலிருந்து ‘லாயிட் சார்’ மஞ்சளாய்த் திரும்பி வந்தது. மணி பிளாண்ட். நிஜ லாயிட் சார், அந்தக் கம்பெனி மேனேஜர், பெரிய மீசைக்காரர், போனில் சொல்லிவிட்டார்: “இதுவும் செத்தா நாற்பதையும் பிளாஸ்டிக்கா மாத்திடுவேன்.” ஆன்ட்டி அன்று மூன்று தடவை டீ போட்டார். ஒன்றையும் குடிக்கவில்லை.

பக்கத்தில் புது அபார்ட்மெண்ட் எழுந்ததிலிருந்து பதினோரு மணிக்கே பாதி மாடியில் நிழல். ஆனாலும் லாயிட் சார் தொட்டி மட்டும் சாயங்காலம்வரை வெயிலிலேயே இருந்தது. காற்று தள்ளியிருக்கும்.

திருப்பி அனுப்புமுன் ஒவ்வொரு செடிக்கும் பரீட்சை உண்டு. பறிப்பது நுனியிலிருந்து மூன்றாவது இலை, எப்போதும் அதுதான். அதனால் வியாழக்கிழமை சாயங்காலமே அந்த இலையில் கறுப்பு டேப்பை மீசையாய் வெட்டி ஒட்டினேன். ஆன்ட்டி கண்ணில் படாமலிருக்க, அந்தச் செடியை இரண்டு நாளும் நானே துடைப்பதாகச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம், ஆன்ட்டி படியேறுமுன் உரித்துவிட்டேன்.

இலையைக் கொதிநீரில் முக்கினார். பிறகு சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த ஸ்பிரிட் கிண்ணத்தில் போட்டார். பச்சை கரைந்து இலை வெளுத்தது. தட்டில் விரித்து டிங்சர் அயோடின் விட்டார். மாவு இருந்தால் கருநீலம். இல்லையென்றால் வெறும் பழுப்பு.

பழுப்பாகவே கிடந்தது.

அப்புறம் ஓரத்திலிருந்து கறுக்க ஆரம்பித்தது. இலை முழுக்கக் கருநீலம். நடுவில் மட்டும் வெளிறிய, முறுக்கிய மீசை.

“ஃபுல் மீல்ஸ் சாப்ட்டிருக்கான்!” என்றவர் குனிந்து பார்த்தார். “மீசை யாரு மேன் வெச்சது?”

“எனக்கென்ன தெரியும் ஆன்ட்டி?”

“பன்னெண்டு கிலோ தொட்டிய வெயில் பின்னாடியே நகத்தினது?”

“காத்து.”

“ஓ… காத்து.”

என் கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு டேப்பை மெதுவாக உரித்து, இலையின் மீசைமேல் வைத்தார். நூலளவும் பிசகாமல் பொருந்தியது.