மகாராணிக்கு ஒண்ணுக்கு வந்த நாள்

நாத்தனாரைப் பற்றி அண்ணி நல்லதாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம். எனக்கும் என் வீட்டுக்காரரின் தங்கைக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். நான் கல்யாணமாகி இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்தபோது ஹால் சுவரில், சோபாவுக்கு நேர் மேலே, அவளுடைய சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் செயினிலிருந்து சொட்டிய எண்ணெய் நான் ஆசையாக வாங்கிப் போட்ட சோபா உறையைப் பாழாக்கியது. கேட்டால், சைக்கிள்தான் முதலில் வந்தது, சோபா பிறகு வந்தது, நகரவேண்டியது சோபாதான் என்று சட்டம் பேசினாள். சோபாவை நகர்த்தியது நான்தான்.

அப்போது அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்தக் குப்பிகளை வாங்கி, குலுங்காத பெட்டியில் அடுக்கி, முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒருநாள் காலை, பயிற்சிக்கு வந்த பந்தயக் கூட்டம் ஒன்று அவளைத் தாண்டப் பார்த்தது. அவள் தாண்டவிடவில்லை. யார் யாருடைய ரத்தத்தையோ முதுகில் வைத்துக்கொண்டு பரிசோதனை நிலைய வாசல்வரை அத்தனை பேரையும் பின்னால் இழுத்து வந்தாள். அந்தக் கூட்டத்துக்குப் பயிற்சி கொடுத்தவள் மறுநாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அப்படிப் போனவள் பெரிய பந்தயங்கள்வரை போய்விட்டாள். ஆனால் ஜெயிக்கிற இடத்துக்கு இல்லை. அவளுடைய அணியில் அவளுக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. அணியின் கார் கூட்டத்துக்குப் பின்னால் வரும். இவள் வேகத்தைக் குறைத்துக் காரோடு ஒட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் முன்னும் பின்னும் திணித்துக்கொண்டு, மறுபடி மூச்சைப் பிடித்து மிதித்து முன்னால் போய்த் தன் அணிப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும். பாட்டில் தீர்ந்தால் திரும்பவும் பின்னால். என் மாமியாருக்கு இது ஒரு மனக்குறை. பந்தயத்துக்குப் போகிறாளா, எடுபிடி வேலைக்குப் போகிறாளா என்று டிவி முன்னால் உட்கார்ந்து புலம்புவார். ஆனால் மகளின் பந்தயம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் விடமாட்டார்.

இந்த வருஷம் ஒரு வாரப் பந்தயம் வந்தது. அதை ஒழுங்காக முடித்தால்தான் அடுத்த வருஷம் அணியில் இடம் என்று மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முப்பது தாண்டிய தண்ணீர்க்காரியை வேறு எந்த அணியும் சீந்தாது. இது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சைக்கிள் பந்தயத்தில் எழுதாத விதிகள் சில உண்டு. முதலிடத்தில் இருப்பவள் கீழே விழுந்தால், அவள் எழுந்து வந்து சேரும்வரை மற்றவர்கள் மெதுவாகப் போக வேண்டும். அதேபோல், முதலிடத்தில் இருப்பவள் கையைத் தூக்கி இயற்கை உபாதைக்கு நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஓடுகிறவளை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டார்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கேள்விப்பட்டபோது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. கடைசி இடத்தில் இருப்பவள் விழுந்தால் என்ன செய்வார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பந்தயத்தின் மூன்றாம் நாள், ரோட்டில் மழையில் நனைந்திருந்த வெள்ளைக் கோட்டின்மேல் டயர் வழுக்கி முதலிடத்துக்காரி விழுந்தாள். அவள் பெரிய நட்சத்திரம். நிமிர்ந்த முதுகும் சிரிக்காத முகமும் பார்த்து என் மாமியார் அவளுக்கு மகாராணி என்று பேர் வைத்திருந்தார். மகாராணி விழுந்ததும் ஊர்வலம் போவதுபோல மொத்தக் கூட்டமும் மெதுவாக உருண்டது. அவள் சட்டையைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்த பிறகுதான் பந்தயம் மறுபடி பந்தயமானது. வர்ணனையாளர் குரல் தழுதழுத்தது. எங்கள் அணி மேனேஜர் சாயங்காலம் டிவியில் பெருந்தன்மையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

ஐந்தாம் நாள் வால் விழுந்தாள்.

வால் வேறு அணிக்காரி. பட்டியலில் எப்போதும் கடைசி என்பதால் கூட்டத்தில் அவளுக்கு அந்தப் பேர். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. போன வருஷம் ஒரு வளைவில் என் நாத்தனாரை முழங்கையால் இடித்துத் தடுப்புக் கம்பியில் தள்ளிவிட்டவள் அவள். அன்றைக்கு ஒரு சாக்கடை மூடி விளிம்பில் சக்கரம் மாட்டி, சக்கரம் நெளிந்து, ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். வேறு சைக்கிள் வர வேண்டும். ஆனால் அணிகளின் கார்கள்கூட அந்தஸ்துப்படிதான் வரிசையில் வரும். கடைசி ஆளுடைய அணியின் கார் கடைசியில் வரும். அது வந்து சேர்வதற்குள் கூட்டம் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். தனியாக மிதித்து அதைப் பிடிக்க முடியாது. அன்றைக்கு ஜெயித்தவள் வந்து சேர்ந்ததிலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் மறுநாள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் என் நாத்தனார் பாட்டில் வாங்கப் பின்னால் வந்திருந்தாள். எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தது அவள் ஒருத்திதான். கார் ஜன்னல் வழியாக மேனேஜரிடம், ஒருத்தி விழுந்துவிட்டாள், மெதுவாகப் போகச் சொல்லலாமா என்று கேட்டாள். யார் என்று கேட்டார் மேனேஜர். இவள் சொன்னாள்.

"அதுவா?" என்றார் அவர். "நீ மேல போ. இன்னும் கொஞ்ச தூரத்துல பக்கவாட்டுக் காத்து வருது. அங்கதான் நாம வேகமா அடிச்சுக் கூட்டத்தை உடைக்கணும்."

அவளைச் சுட்டது அந்த ஒரு வார்த்தைதான் என்று பிறகு சொன்னாள். மகாராணி விழுந்தபோது இதே வாய் 'அவங்க' என்றது. வால் விழுந்தபோது 'அது' என்கிறது.

அவள் பாட்டில்களோடு முன்னால் போனாள். தன் அணிப் பெண்கள் கை நீட்டினார்கள். கொடுக்கவில்லை. கர்ப்பிணிபோலப் புடைத்த சட்டையோடு மொத்தக் கூட்டத்தையும் கடந்து மகாராணியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். தண்ணீர்க்காரிகள் மகாராணியிடம் பேசுகிற வழக்கம் இல்லை.

"அக்கா, முந்தாநாள் நீங்க விழுந்தப்ப நாங்க எல்லாரும் நின்னோம். இப்ப பின்னால ஒருத்தி விழுந்து கிடக்கா. அவளுக்காக நிக்கணும்னு விதி கிடையாது. அதனால உங்களுக்கு இப்ப ஒண்ணுக்கு வருது."

"எனக்கா?"

"ஆமா. அவசரமா."

மகாராணி திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் மிதித்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

அத்தனை பேரும் நின்றார்கள். ரோட்டோரப் புதர்களில் இடம் போதவில்லை. வேண்டியவர்கள் போனார்கள், வேண்டாதவர்களும் வந்ததற்குப் போய் வைத்தார்கள். டிவிக்காரன் பாவம், கேமராவை மேகத்தின் பக்கம் திருப்பிவிட்டான். நானும் மாமியாரும் வெகுநேரம் மேகம் பார்த்தோம். தண்ணீர் கொடுக்கிறவள் அது எப்போது வெளியே போக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

வால் முட்டியில் ரத்தத்தோடு வந்து சேர்ந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். என் நாத்தனார் சட்டைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை உருவிக் கொடுத்தாள்.

நின்று இளைப்பாறிய கூட்டத்தை அதற்குப் பிறகு எந்தக் காற்றும் உடைக்கவில்லை. மேனேஜரின் திட்டம் மண்ணாகிப் போனது. சாயங்காலம் ஓட்டல் பின்பக்கம், மெக்கானிக் சைக்கிள்களைக் கழுவிக்கொண்டிருந்த இடத்தில், மகாராணியை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். அவர் உடனே கத்தவில்லை. முதலாளிகளுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும், வயிறு சரியில்லை, எனக்கு அவசரம், அதனால் கேட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடு, விஷயத்தை முடித்துவிடலாம் என்று இறங்கித்தான் வந்தார்.

"எனக்கு ஒண்ணும் வரல சார்," என்றாள். "விழுந்தவளுக்காக நிறுத்தச் சொன்னேன்."

அன்று ராத்திரியே பஸ் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு நான்தான் போனேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்திலோ யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். முகம் கறுத்திருந்தது. நான் ஆட்டோவில் ஏறியதிலிருந்து வாயை மூடவில்லை. போயும் போயும் உன்னை இடித்துத் தள்ளினவளுக்காகவா என்று கேட்டேன். வேறு யாருக்காகவாவது பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்றேன்.

"இடிச்சவளுக்காக நிக்கல அண்ணி. விழுந்தவளுக்காக நின்னேன்."

"ரெண்டும் ஒரே ஆளுதானேடி?"

"ஆமா. அதுக்கு நான் என்ன பண்றது?"

விடாக்கண்டி. எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அந்த மேனேஜர்மேல் அதைவிட ஆத்திரமாக வந்தது. ஆட்டோ சிக்னலில் நின்றபோது, இப்படி ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்று பெருமையாகவும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள்.

வீட்டில் மாமியார் ஒரு பாட்டம் அழுது தீர்த்தார். நாத்தனாருக்கு முட்டை போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. மத்தியானம் மேனேஜரிடமிருந்து போனில் செய்தி வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். இன்று சாயங்காலத்துக்குள் வயிறு சரியில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், அடுத்த வருஷத்து இடம் அப்படியே இருக்கும் என்று எழுதியிருந்தார். ஒரு வரிதானே. உண்மையைச் சொல்கிறேன், அனுப்பித் தொலையேன் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவள் போனை சோபாவின் கைப்பிடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, டிவியைப் போடச் சொன்னாள்.

ஆறாம் நாள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாலத்து இறக்கத்தில் பின்வரிசையில் யாரோ விழுந்தாள். கேமரா ஒரு கணம் அவள்மேல் நின்றது. வர்ணனையாளர் பேர்கூடச் சொல்லவில்லை. அவரிடம் பட்டியல் இருந்திருக்கும், தேடவேண்டும் என்று தோன்றவில்லை. முன்வரிசையில் இன்னும் எத்தனை தூரம், யார் எப்போது பாய்வார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார். என் நாத்தனார் சோபா நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த மகாராணி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

இன்றைக்கும் அவருக்கு அவசரம்போல என்று வர்ணனையாளர் சிரித்தார். கூட்டம் முழுக்கப் பிரேக் பிடித்து ஓரம் கட்டியது. ஒருத்தியும் புதர்ப் பக்கம் போகவில்லை. சைக்கிளில் ஒரு காலை ஊன்றி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். மேலே திரும்பப் போன கேமரா, மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்து இறங்கி வந்தது.

மாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டிவிக்கு அருகில் குனிந்தார்.

"என்னடி இது, தினம் தினம்? அந்தப் பொண்ணுக்குச் சர்க்கரையா?"

என் நாத்தனார் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சர்க்கரை இல்லம்மா. ஒட்டுவாரொட்டி."

விழுந்தவள் வந்து சேர்ந்ததும் கூட்டம் கிளம்பியது. அவள் போனை எடுத்து மேனேஜருக்கு அந்த ஒரு வரியை எழுதினாள். அனுப்பிய பிறகுதான் எனக்குக் காட்டினாள். 'என் வயிறு நல்லா இருக்கு சார்.'

பிறகு காலைத் தூக்கி சோபாமேல் போட்டுக்கொண்டு, "அண்ணி, சாப்பிட என்ன இருக்கு?" என்றாள்.