கிளந்தானுக்குப் போகிறாள் என் மகள்

"ஏன், ஜொகூர்ல யுனிவர்சிட்டியே இல்லையா?"

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகளை முந்திக்கொண்டு வந்த கேள்வி இது. கேட்டவர் எங்கள் ஜொகூர் மாநிலத்திலேயே பத்து பாகாட்டில் இருக்கும் என் அண்ணி. என் மகள் யாழினிக்கு மலேசியாவின் மறுகோடியான கிளந்தானில் உள்ள அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் கிடைத்திருக்கிறது என்று நான் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை!

அண்ணியை எப்படிக் கோபிப்பது? அதே கேள்வியை முதலில் கேட்டவளே நான்தானே...

எஸ்.டி.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்து அவள் விண்ணப்பம் போட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விருப்ப வரிசையில் ஜொகூரில் என்ஜினியரிங்கை முதலில் போடு என்று நச்சரித்தேன். வாராவாரம் வீட்டுக்கு வரலாம், அழுக்குத் துணி கொண்டுவரலாம்.

"ம்மா, மாட்டு டாக்டர் படிப்பு இங்க இல்லலா."

"நம்ம ஊர் பாலோ எங்க, கிளந்தான் எங்க? அங்க உனக்கு யாரைத் தெரியும்?"

"நீங்க சொன்னதை ரெண்டாவதா போட்டுட்டேன்மா. போதுமா?"

போதாது. ஆனால் அனுப்பிவிட்டாள்.

நாடு முழுக்க நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் மோதும் படிப்பு அது. இடமோ கொஞ்சம். ஆன்லைன் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் நான் பயிற்சியாளர் ஆகிவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்ற அதே வாய்தான்! பதில்களை அழகான மலாயில் எழுதி, லேப்டாப்புக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன்.

அவளோ சாயங்காலமானால் காணாமல் போய்விடுவாள். எங்கள் வரிசை வீடுகளின் கடைசியில் நாசி கெராபு என்ற நீலச் சோறு விற்கும் காக் நா வீட்டில் இருப்பாள். காக் நா, அதாவது நா அக்கா, கிளந்தான்காரர். பாலோவுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் ஊர்ப் பேச்சை விடாதவர். அவர் பேசினால் எனக்குப் பாதிதான் புரியும். வீட்டுக்குப் பின்னால் ஆடு வளர்க்கிறார். யாழினிக்கு அந்த ஆடுகள்தான் உலகம்.

"ஆட்டு வாடையோட வந்து புத்தகத்தைத் தொடாதே!" — நான் கத்தாத நாளில்லை.

தேர்வு நாள். மிக்ஸியை அணைத்தேன், ஃபேனை அணைத்தேன், அவள் அறைக் கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்றேன். பெருக்கவா? ஒட்டுக்கேட்கத்தான்.

எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு பேராசிரியை மலாயில் கேட்டார்: "நீ ஜொகூர்ப் பெண். இங்கே ஆடு மாடு வளர்ப்பவர்கள் கிளந்தான் பேச்சுதான் பேசுவார்கள். மாடு தன் நோயைச் சொல்லாது. மாட்டுக்காரர் சொல்வதும் உனக்குப் புரியாவிட்டால் என்ன செய்வாய்?"

அலமாக்! சுவரில் நான் ஒட்டிய எதிலும் இதற்குப் பதில் இல்லை.

அங்கே போக வேண்டாம் என்றவள், இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று கதவில் காதை ஒட்டினேன்.

பிறகு அவள் குரல் கேட்டது. மலாய்தான்... ஆனால் காக் நாவின் மலாய்! அதே இழுப்பு, அதே வேகம். காக் நாவின் ஆடு ஈன முடியாமல் தவித்தது, குட்டியின் கால் மடங்கியிருந்தது, காக் நா சொல்லச் சொல்ல இவள் கையை விட்டு அதை நேராக்கியது — மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். எனக்கே தெரியாத கதை!

லேப்டாப்பில் பெரிய சிரிப்பு. "குட்டி பிழைத்ததா?" என்று பேராசிரியையும் கிளந்தான் பேச்சிலேயே கேட்டார்.

"பிழைத்தது, புவான். இப்போது வேலியைத் தாண்டுகிறது."

துடைப்பத்தைப் பிடித்தபடியே அழுதேன். என் பிள்ளை, என் பிள்ளை என்று கூரை மேல் ஏறிக் கத்தலாம் போலிருந்தது. நாம் பிள்ளைகளை உட்காரவைத்துத் தயார் செய்கிறோம். அவர்களோ நாம் திட்டிய இடத்தில் தயாராகிவிடுகிறார்கள்.

அண்ணிக்குப் பதில் போட்டேன்: "யுனிவர்சிட்டி இருக்கு அண்ணி. ஆனா அவளுக்கு வேண்டியது அங்கதான் இருக்கு. அவங்களுக்கு வேண்டியவளும் இங்கதான் இருந்திருக்கா."

பதிவு நாளுக்கு நானும் கூடப் போகிறேன். அதற்காகச் சாயங்காலமானால் இப்போது நானும் காக் நா வீட்டில்தான். முதல் பாடமாக, பல்கலைக்கழக வாசலில் சொல்வதற்குக் கிளந்தான் பேச்சில் இரண்டே வார்த்தை கேட்டு வாங்கினேன்.

"அனோக் அம்போ." என் மகள்!